சர்க்கரை நோய்க் கணக்கில் விடுபட்ட அந்தமான்

புதுதில்லி: நாட்டில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு நாடெங்கும் தலைப்புச் செய்தியானது. அந்த ஆய்வில் அந்தமான் நிகோபார் தீவுகள் சேர்க்கப்படவே இல்லை என்பது பலரின் கவனத்துக்கு வரவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில், சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2008 முதல் 2020 வரை 1,13,043 பேரிடம் நடத்திய ஆய்வு அது. பெருநிலப்பரப்பிலுள்ள மாநிலங்களுடன் தில்லி, சண்டீகர், புதுச்சேரி ஆகியவையும் அதில் இடம்பெற்றன. கோவாவில் 26.4 சதவீதம், தமிழகத்தில் 14.4 சதவீதம் என்று எண்கள் கிடைத்தன. தீவுகளுக்கு எண் இல்லை.

தொலைவு காரணம் என்றால் அது ஏற்கத்தக்கதல்ல. புரோத்ராபூருக்கு அருகே டாலிகஞ்சில், அதே கவுன்சிலின் வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையம் 1983 முதல் இயங்கி வருகிறது.

இது வெறும் எண்ணிக்கைப் பிரச்னை அல்ல. சிகிச்சையின் தரத்தை அளந்ததும் இதே ஆய்வுதான். ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டவர்களில் 36.3 சதவீதத்தினருக்கு மட்டுமே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.7 சதவீதத்தினர் மட்டுமே என்று 2022-ல் தெரியவந்தது. தீவுவாசிகள் இதைவிட மேலான நிலையில் இருக்கிறார்களா, கீழான நிலையிலா என்பதை இதிலிருந்து கூற இயலாது.

தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) தீவுகளிலும் ரத்த சர்க்கரையை அளந்தது. ஆனால், அதன் மாவட்டச் சுருக்க அறிக்கை தெற்கு அந்தமான் முழுமைக்கும் ஒரே சராசரியையே தருகிறது. வங்காளிகள், தமிழர்கள், தெலுங்கர்கள், ராஞ்சிக்காரர்கள் எனப் பல இனத்தவர் கலந்து வாழும் தீவுகளில் சராசரி மறைப்பதே அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தீவுகளின் 3,80,581 பேரில் சுமார் 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

ராஞ்சிக்காரர்களின் நிலை இன்னும் சிக்கலானது. 1918 முதல் காடு வெட்டும் பணிக்காக சோட்டா நாக்பூரிலிருந்து அழைத்து வரப்பட்ட ஒரான், முண்டா, கரியா மக்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். ஜார்க்கண்டில் பழங்குடியினர், அந்தமான் பட்டியலில் இல்லை. எனவே, பழங்குடியினர் என்ற தலைப்பில் எடுக்கப்படும் எந்தச் சுகாதாரக் கணக்கிலும் இவர்கள் வருவதில்லை. (சென்டினல் தீவினரைக் கணக்கெடுக்க வேண்டும் என்று எவரும் கோரவில்லை, அவர்களைத் தனித்து விடுவதே முறை.)

தெற்கே கச்சால் தீவில், 1964 சிறீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். 2004 சுனாமியில் பெரிதும் சீரழிந்த தீவு அது. அங்குள்ள நோயாளிக்கு உயர் சிகிச்சை தேவைப்பட்டால், 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குக் கப்பலிலோ ஹெலிகாப்டரிலோ வர வேண்டும். விழித்திரைப் பரிசோதனை ஆண்டுதோறும் தேவை என்பது மருத்துவ விதி. அதற்காகக் கடல் கடப்பவர் எத்தனை பேர்?

அமெரிக்காவில் வருமானமும் காப்பீடும் சமமாக இருந்தபோதிலும் சிறுபான்மை இனத்தவருக்குத் தரம் குறைந்த சிகிச்சையே கிடைப்பதாக அந்நாட்டு மருத்துவக் கழகம் 2003-ல் அறிக்கை அளித்தது. நோயாளியின் இனம் ஆவணங்களில் பதிவாகியிருந்ததால்தான் அதைக் கண்டறிய முடிந்தது.

தீவுகளின் தொற்றா நோய்ப் பிரிவுகளில் நோயாளியின் தாய்மொழியையும் பூர்வீகத்தையும், கடைசியாகக் கண்ணும் காலும் பரிசோதிக்கப்பட்ட தேதியையும் பதிவு செய்யப் புதிய சட்டம் தேவையில்லை. மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த தேசிய ஆய்வுக்கு டாலிகஞ்ச் மையத்தையே பொறுப்பாக்கலாம்.