இருட்டறை அளவுகருவிகளைச் செப்பனிடலும் அளவு திருத்தலும்

ஒளிப்படக்கலையிற் பற்றுடையோர் இல்லங்கள் சிலவற்றில் இருட்டறைக் கருவிகள் இன்றும் பெட்டிகளுள் உறங்குகின்றன. எண்ணியற் படக்கருவிகள் பரவியபின் தொழிலை விட்ட ஸ்ரூடியோக்காரரிடமும் அவை எஞ்சியுள்ளன. வெப்பமானி, நேரங்காட்டி, ஒளிமானி, அடர்த்திமானி என்னும் இவற்றை மீண்டும் பயன்படுத்த விழையும் மாணவர், கருவி இயங்குகின்றதா என்று பார்ப்பதோடு அமையாது, அது காட்டும் அளவை நம்பலாமா என்றும் ஆராய்தல் வேண்டும். அங்ஙனம் ஆராயும் வழிகளை ஈண்டு எடுத்துரைப்போம்.

அளவு பிழைத்தால் இழப்பு யாது? காகிதத்திற் பதித்த படம் கெடின் மற்றொன்று பதிக்கலாம். படச்சுருளை உருத்துலக்குவதோ ஒரே முறைதான். 1956ஆம் ஆண்டில் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் திருக்கோணமலைக் கடலினுள் கோணேசர் ஆலயத்தின் இடிபாடுகளைக் கண்டனர். அத்தகைய காட்சியைப் பதிந்த சுருள் இருட்டறையிற் பழுதுபடின், அதே காட்சியை மீட்டும் பெறுவதற்கு உறுதியில்லை. ஈச்சிலம்பற்று மக்கள் இதனை இன்னும் நெருக்கமாக உணர்வர். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும், 2006ஆம் ஆண்டுப் போர்க்கால இடப்பெயர்வும் இக்கரையோரக் குடும்பங்களைச் சிதறடித்தன. வீட்டுடைமையை இழந்த குடும்பத்திற்கு, தப்பிய எதிர்ப்படம் ஒன்றே முன்னோர் முகத்தைக் காட்டுவதாகலாம். ஒளிபட்டும் உருத்துலக்கப்படாது கிடந்த சுருள் ஒன்று கிடைப்பின், அதற்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை.

கருவிப் பிழை இருவகைத்து. எப்பொழுதும் ஒரே அளவிற் கூட்டியோ குறைத்தோ காட்டுவது ஒழுங்கான பிழை. இன்று ஒன்றும் நாளை வேறொன்றுமாகக் காட்டுவது ஒழுங்கற்ற பிழை. முன்னதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டால் கருவி நன்கு பயன்படும். பின்னதைச் செப்பனிடல் வேண்டும். இயலாதெனில் விலக்கல் வேண்டும். பழங்கருவிகளை ஆராய்வார்க்கு இவ்வேறுபாடே வழிகாட்டி.

முதலாவது வெப்பமானி. உருத்துலக்கும் கரைசல்கள் பலவற்றுக்கு 20 பாகை சதமவளவே நியம வெப்பநிலை. நம் கிணற்று நீர் அவ்வளவு குளிர்வதில்லை. பனிக்கட்டியாற் குளிர்வித்தே அந்நிலையை எய்துகின்றோம். 20 பாகையில் 10 நிமிடம் வேண்டும் கரைசலுக்கு 24 பாகையில் ஏறத்தாழ 7 நிமிடம் போதும். ஆகவே ஓரிரு பாகை பிழைப்பினும் எதிர்ப்படம் மிகையாகக் கறுக்கும், அல்லது மெலிந்து போகும்.

வெப்பமானியினுள் திரவநிரல் துண்டுபட்டிருப்பின், குமிழை உப்புக் கலந்த பனிக்கட்டியில் நிறுத்துக. திரவம் சுருங்கிக் குமிழினுள் இறங்குகையிற் பிரிந்த துண்டு பெரும்பாலும் ஒன்றுசேரும். பின்னர் அளவைச் சோதிக்க உப்பில்லாத தூய பனிக்கட்டியை நொறுக்கி, அதன் இடைவெளிகளை நிரப்புமளவு தூய நீர் வார்த்து, வெப்பமானியை அதனுட் சில நிமிடம் வைக்க. அது 0 பாகை காட்டல் வேண்டும். மீன் வாடியிலிருந்து பெறும் பனிக்கட்டியில் உப்புநீர் பட்டிருப்பின் 0 பாகைக்குக் கீழே இறங்கும், அதனைத் தவிர்க்க. கொதிநீரிற் சோதித்தலும் கூடாது. இருட்டறை வெப்பமானிகள் பல 50 பாகையளவே தாங்குவன, கொதிநீரில் வெடித்துவிடும். அதற்கு மாறாக, 38 பாகையளவு இளஞ்சூட்டு நீரில் நல்ல உடல் வெப்பமானி ஒன்றோடு ஒப்பிடுக. இவ்விரு நிலைகளிலும் பிழை ஒன்றாயின் இடையிலுள்ள 20 பாகையிலும் அப்பிழையே எனக் கொள்ளலாம். கடிகார முகப்புடைய வெப்பமானியாயின் முகப்பின் பின்னுள்ள சிறு சுரையைத் திருப்பி முள்ளைச் சரிசெய்யலாம். இரச வெப்பமானி உடைந்தால் இரசத்தைக் கையால் தொடாது, சாளரங்களைத் திறந்து, தடித்த காகிதத்தால் திரட்டி மூடியுள்ள போத்தலில் இடுக.

இரண்டாவது நேரங்காட்டி. வில்விசையால் ஓடும் பழைய நேரங்காட்டியில் எண்ணெய் உலர்ந்து பிசினாகி ஓட்டத்தைத் தடுக்கும். பிசினை நீக்காமற் புதிய எண்ணெயை வார்த்தல் தீங்கே. துப்புரவாக்கிய பின் 1, 5, 10 நிமிடங்களுக்கு நல்ல கைக்கடிகாரத்தோடு மும்முறை ஒப்பிடுக. மூன்று முறையும் ஒரே விடை வரின் திருத்தம் எழுதலாம். விடை மாறிமாறி வரின் வில்லோ பற்சக்கரமோ பழுதுற்றது.

மூன்றாவது ஒளிமானி. செலீனியக் கலமுடையது மின்கலம் வேண்டாது. ஆயின் முதுமையாலும் ஈரத்தாலும் கலம் வலுவிழக்கும். கடற்காற்று வீசும் நம் ஊரில் இது பெருங்கேடு. கட்மியம் சல்பைட்டுக் கலமுடைய பழைய மானிகள் பல 1.35 வோல்ற்று இரச மின்கலத்துக்கென ஆக்கப்பட்டன. அம்மின்கலம் இன்று வழக்கொழிந்தது. அதற்குப் பதிலாக 1.5 வோல்ற்று மின்கலம் இட்டால் மானிகள் பல ஒளியைக் கூட்டிக் காட்டும். அதனை நம்பி எடுத்த படம் ஒளி போதாது இருளும். செவிப்புலன் கருவிக்குரிய துத்தநாக வளி மின்கலம் ஏறத்தாழ 1.4 வோல்ற்றே ஆதலால் அது பொருத்தமானது. ஆயுள் குறைவு என்பதே அதன் குறை.

மானியின் அளவுமுறையைச் சோதிக்க நம் பௌதிக பாடத்து நேர்மாறு வர்க்க விதியே போதும். இருட்டறையில் தெறிப்புக்கு இடமின்றிக் கறுப்புத் துணி தொங்கவிட்டு, சிறு மின்குமிழ் ஒன்றை மானிக்கு 50 சென்ரிமீற்றர் தூரத்திலும், பின் 1 மீற்றரிலும், பின் 2 மீற்றரிலும் வைக்க. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒளி நான்கிலொன்றாகும். மானி இரண்டு படி இறங்கல் வேண்டும். இவ்வாறு இறங்காது ஓரிடத்தில் மட்டும் தவறின், அவ்விடத்துப் பிழையைத் தனியே குறிக்க.

நான்காவது அடர்த்திமானி. எதிர்ப்படத்தின் கருமையை எண்ணாற் கூறும் முறையை 1890ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹேட்டரும் டிறிவீல்டும் வெளியிட்டனர். ஒளிபுகாத் தன்மையின் மடக்கையே அடர்த்தி, 0.30 அடர்த்தி ஒளியைப் பாதியாக்கும், 1.00 அடர்த்தி பத்திலொன்றாக்கும். கருவியின் கண்ணாடிகளைத் துடைத்து, விளக்கு நிலைபெறச் சிறிதுநேரம் விட்டு, படமின்றி முள்ளைச் சுழியத்தில் நிறுத்துக. பின்னர், படிக்கு 0.15 ஆக அடர்த்தி ஏறும் 21 படிச் சோதனைப் பட்டி ஒன்றை அளந்து, உரிய எண்ணையும் காட்டிய எண்ணையும் வரைபில் இடுக. கருமை மிக்க படிகளிற் கோடு வளையுமாயின், அவ்வெல்லைக்கு அப்பால் அக்கருவியை நம்பலாகாது என்பது தெளிவு.

ஒவ்வொரு கருவியிலும் சோதித்த நாளையும் திருத்தத்தையும் எழுதி ஒட்டுக. ஆண்டுக்கொரு முறையேனும் மீளச் சோதிக்க. மழைக்காலத்துக்கு முன் கருவிகளை ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய பெட்டியில் வைக்க. பழங்கருவிகளை நம் மாணவருக்கு வழங்க எண்ணும் பழைய மாணவர், அத்திருத்தச் சீட்டையும் உடன் ஈவாராக. பிழை இன்னதென அறியப்பட்ட பழங்கருவி, சோதியாத புதுக்கருவியினும் மேலானது. அதனைக் கையில் எடுக்கும் மாணவன், ஒரு குடும்பத்தின் கடைசிச் சுருளையும் அச்சமின்றி உருத்துலக்கலாம்.