எனர்ஜி ஆடிட்: வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே விண்ணப்பிக்கலாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் பாட்டு கேட்பார்கள், கேம்ஸ் விளையாடுவார்கள், நண்பர்களுக்கு இமெயில் அனுப்புவார்கள். பிறகு, "இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். உங்கள் குடும்பத்தில் யாராவது அரிசி மில், எண்ணெய்ச் செக்கு, லேத் பட்டறை, விசைத்தறி என்று சிறு தொழில் நடத்துகிறார்களா? அப்படியானால் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. தொழிற்கூடத்தில் கரன்ட் எங்கே வீணாகிறது என்று கண்டறியும் 'எனர்ஜி ஆடிட்' செய்ய அரசு உதவி தருகிறது. அதற்கான வேலைகளில் பெரும்பகுதியை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே முடித்துவிடலாம்.

நான் சென்னையில் சாஃப்ட்வேர் இன்ஜினியர். சொந்த ஊர் உத்திரமேரூர் வட்டத்தில் உள்ள காவாந்தண்டலம். என் சித்தப்பா கூலிக்கு நெல் அரைக்கும் சிறிய மில் நடத்துகிறார். அரைவைக் கூலியை அவர் நினைத்தபடி ஏற்ற முடியாது. ஏற்றினால் மூட்டைகள் பக்கத்து ஊர் மில்லுக்குப் போய்விடும். ஆனால் மின் கட்டணம் 2022 செப்டம்பருக்குப் பிறகு பல முறை ஏறிவிட்டது. "இன்னும் எத்தனை நாளைக்குடா இதை ஓட்டறது?" என்று அவர் கேட்க ஆரம்பித்த பிறகுதான் இந்த வேலையில் இறங்கினோம். நாங்கள் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

எனர்ஜி ஆடிட் என்றால் என்ன?

வருமானத்தையும் செலவையும் ஆடிட்டர் சரிபார்ப்பது போல, மின்சாரத்தையும் எரிபொருளையும் சரிபார்ப்பதுதான் எனர்ஜி ஆடிட். இதற்கென்று பயிற்சி பெற்றவர் கருவிகளுடன் வந்து ஒவ்வொரு மோட்டாரும் எவ்வளவு கரன்ட் இழுக்கிறது, எவ்வளவு லோடில் ஓடுகிறது என்று அளப்பார். எதை மாற்றினால் எவ்வளவு மிச்சம், போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும் என்று ரிப்போர்ட் தருவார்.

நம் நாட்டில் எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-ல் வந்தது. அதன்படி 2002 மார்ச் 1-ல் பி.இ.இ. என்ற மத்திய அரசு அமைப்பு தொடங்கப்பட்டது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் நட்சத்திரங்கள் போட்ட லேபிள் இருக்கிறதல்லவா? அதுவும் இந்த அமைப்பின் திட்டம்தான். எனர்ஜி ஆடிட்டர்களுக்குத் தேர்வு நடத்திச் சான்றிதழ் தருவதும் இந்த அமைப்பே. அமெரிக்காவில் இதே போன்ற திட்டம் 1976-லேயே தொடங்கிவிட்டது. அங்கே பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் மாணவர்களும் சிறு ஆலைகளுக்கு நேரில் சென்று, கட்டணம் வாங்காமல் ஆய்வு செய்து கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டில் என்ன உதவி?

தமிழக அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறை 'பீஸ்' என்ற திட்டத்தை நடத்துகிறது. எனர்ஜி ஆடிட்டுக்கு ஆகும் செலவில் 75 சதவீதத்தை அரசு திருப்பித் தரும். ஒரு ஆடிட்டுக்கு அதிகபட்சம் 1,00,000 ரூபாய். ஆடிட்டர் 40,000 ரூபாய் வாங்கினால் உங்களுக்கு 30,000 ரூபாய் திரும்பக் கிடைக்கும். ஆடிட்டர் பரிந்துரைத்தபடி இயந்திரங்களை மாற்றினால் அதற்கும் தனியாக மானியம் உண்டு. இதைக் கவனிப்பது மாவட்டத் தொழில் மையம். எங்களுக்குக் காஞ்சிபுரம்.

ஒன்றை மறக்காதீர்கள். பணத்தை முதலில் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அரசு பிறகுதான் தரும். எனவே ஆடிட்டரைக் கூப்பிடும் முன் இந்த ஆடிட் நமக்குப் பயன்படுமா என்று தெரிந்துகொள்வது நல்லது. அங்கேதான் கம்ப்யூட்டர் கைகொடுக்கிறது.

முதல் வேலை: 12 மாதக் கணக்கு

எக்செல் இருந்தால் திறந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் லிப்ரே ஆஃபீஸை இலவசமாக டவுன்லோட் செய்து அதில் உள்ள கால்க் புரோகிராமைத் திறங்கள். முதல் வரிசையில் ஐந்து தலைப்புகளை டைப் செய்யுங்கள்: மாதம், யூனிட், பில் தொகை, அரைத்த நெல், குவிண்டாலுக்கு யூனிட். பழைய பில்களை எடுத்து, 12 மாதங்களுக்கும் யூனிட்டையும் தொகையையும் நிரப்புங்கள். பில் தொலைந்துவிட்டதா? கவலை வேண்டாம். மின் வாரிய வெப்சைட்டில் உங்கள் இணைப்பு எண்ணைக் கொடுத்து லாகின் செய்தால் பழைய கணக்கைப் பார்க்கலாம். அரைத்த நெல்லின் அளவு மில் நோட்டில் இருக்கும்.

இப்போது ஐந்தாவது தலைப்பின் கீழே உள்ள செல்லில் கிளிக் செய்து = குறியை டைப் செய்யுங்கள். அதே வரிசையில் உள்ள யூனிட் செல்லைக் கிளிக் செய்யுங்கள். / குறியை டைப் செய்யுங்கள். பிறகு நெல் செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். ஒரு குவிண்டால் நெல்லுக்கு எத்தனை யூனிட் செலவானது என்று விடை வந்துவிடும். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் சிறிய சதுரப் புள்ளி தெரியும். அதை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் 12 மாதங்களுக்கும் விடை தயார்.

இந்த எண் எல்லா மாதமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பெரிதாக மாறினால் அதற்குக் காரணம் இருக்கிறது.

கணக்கு சொல்லும் ரகசியம்

எளிமைக்காக முழு எண்களில் ஓர் உதாரணம் பார்ப்போம். அறுவடை மாதத்தில் 1,200 குவிண்டால் அரைத்து 3,000 யூனிட் ஆனது. அதாவது குவிண்டாலுக்கு 2.5 யூனிட். வேலை குறைந்த மாதத்தில் 600 குவிண்டால் அரைத்து 2,100 யூனிட் ஆனது. அதாவது குவிண்டாலுக்கு 3.5 யூனிட். நெல் பாதியாகக் குறைந்தும் கரன்ட் பாதியாகவில்லை!

இரண்டு மாதங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். கூடுதலாக அரைத்த 600 குவிண்டாலுக்குக் கூடுதலாக ஆனது 900 யூனிட். அப்படியானால் நெல் அரைக்க உண்மையில் தேவைப்பட்டது குவிண்டாலுக்கு 1.5 யூனிட்தான். அந்தக் கணக்கில் குறைந்த மாதத்துக்கு 900 யூனிட் போதும். ஆனால் பில்லில் 2,100 இருக்கிறது. மீதி 1,200 யூனிட், நெல் அரைத்தாலும் அரைக்காவிட்டாலும் போய்க்கொண்டிருக்கிறது. இதை உங்கள் யூனிட் விலையால் பெருக்கினால் மாதாமாதம் எவ்வளவு பணம் கேள்வி இல்லாமல் போகிறது என்று தெரியும். இந்த 1,200 முழுவதும் வீண் என்று சொல்ல முடியாது. விளக்கும் மின்விசிறியும் இதில் அடக்கம். ஆனால் ஆடிட்டர் தேட வேண்டிய இடம் இதுதான்.

எங்கள் மில் கணக்கிலும் இதே போன்ற வித்தியாசம் தெரிந்தது. சித்தப்பா அதைப் பார்த்ததும் காரணத்தை அவரே சொல்லிவிட்டார். ஒருவர் இரண்டு மூட்டை கொண்டுவந்தாலும் எலிவேட்டர், ஷெல்லர், பாலிஷர், ப்ளோயர் எல்லாவற்றையும் ஓட்டுகிறார். அடுத்தவர் வரும்வரை அவை சும்மா சுற்றுகின்றன. இப்போது சில்லறை மூட்டைகளைச் சேர்த்து வைத்து, வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் அரைக்கிறார். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

பில்லில் 'பவர் ஃபேக்டர்' என்ற எண்ணையும் பாருங்கள். மோட்டார் லோடு இல்லாமல் சுற்றினாலும், தேவைக்கு மீறிப் பெரிதாக இருந்தாலும் இந்த எண் இறங்கும். 18.6 கிலோவாட், அதாவது 25 ஹெச்.பி. அளவுக்கு லோடு உள்ள எல்.டி. இணைப்புகளில் இது 0.85-க்குக் கீழே போனால் அபராதம் உண்டு. சரியான அளவு கெபாசிட்டர் போட்டால் இதைத் தடுக்கலாம்.

இரண்டாவது வேலை: உத்யம் பதிவு

மானியம் கேட்க வேண்டுமென்றால் உங்கள் தொழில் பதிவாகியிருக்க வேண்டும். 2020 ஜூலை 1 முதல் 'உத்யம்' பதிவு நடைமுறையில் உள்ளது. ஆதார், பான் எண்களை வைத்து ஆன்லைனில் செய்துவிடலாம். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள வரம்பின்படி, இயந்திர முதலீடு 2.5 கோடி ரூபாய்க்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்குள்ளும் இருந்தால் அது குறுந்தொழில். கிராமத்து மில்கள் பெரும்பாலும் இதில் அடங்கிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். சர்ச் செய்யும்போது அரசு வெப்சைட் போலவே தோற்றமளித்துக் கட்டணம் கேட்கும் தளங்களும் வரும். முகவரி 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே ஆதார் எண்ணை டைப் செய்யுங்கள்.

மூன்றாவது வேலை: ஆடிட்டர்

பி.இ.இ. சான்றிதழ் பெற்ற ஆடிட்டராக இருக்க வேண்டியது அவசியம். இரண்டு மூன்று பேருக்கு இமெயில் அனுப்பிக் கட்டண விவரம் கேளுங்கள். நீங்கள் தயாரித்த கணக்கையும் அட்டாச் செய்யுங்கள். மோட்டார்களின் ஹெச்.பி., வாங்கிய ஆண்டு, எத்தனை முறை காயில் கட்டியது ஆகியவற்றை இன்னொரு ஷீட்டில் எழுதிச் சேர்த்துவிடுங்கள். பலமுறை காயில் கட்டிய பழைய மோட்டார் கூடுதல் கரன்ட் தின்னும் என்பதால் ஆடிட்டர் இதைக் கட்டாயம் கேட்பார்.

ஆடிட்டர் வருவதற்கு முன்பே மாவட்டத் தொழில் மையத்தில் திட்டத்தின் நடப்பு விதிகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள். கொடுத்ததற்கான சான்று விண்ணப்பத்துக்குத் தேவைப்படும்.

நான்காவது வேலை: விண்ணப்பம்

உத்யம் சான்றிதழ், ஆடிட் ரிப்போர்ட், ஆடிட்டரின் பில், பணம் கொடுத்த சான்று, மின் கட்டண பில்கள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் செல்போன் கேமராவே போதும். 200 அல்லது 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால் எழுத்து தெளிவாக இருக்கும், ஃபைலும் பெருக்காது. ஃபைல் பெயர்களைச் சுருக்கமாக, இடைவெளி இல்லாமல் வையுங்கள். ஃபைல் அளவுக்கு வெப்சைட்டில் உள்ள வரம்பை முதலில் பார்த்துவிடுங்கள். விண்ணப்பத்தை அனுப்பியதும் வரும் எண்ணைப் பிரின்ட் எடுத்து மில் நோட்டிலேயே ஒட்டிவையுங்கள். பின்னால் விசாரிக்க அந்த எண்தான் ஆதாரம்.

புதிய இயந்திரத்துக்குக் கடன் வாங்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளலாம். பி.இ.இ. 2025 ஜூலையில் 'அடீட்டி' என்ற 1,000 கோடி ரூபாய்த் திட்டத்தைத் தொடங்கியது. உணவு பதப்படுத்துதல், ஜவுளி, வார்ப்படம் உள்ளிட்ட 14 துறைகளுக்கு இது பொருந்தும். மின்சாரம் மிச்சமாகும் தொழில்நுட்பத்துக்கு வாங்கும் கடனில் குறு, சிறு தொழில்களுக்கு 5 சதவீதமும் நடுத்தரத் தொழில்களுக்கு 3 சதவீதமும் வட்டிச் சலுகை உண்டு.

ஆடிட்டர் வந்து போன பிறகும் அந்த எக்செல் ஷீட்டை மூடிவிடாதீர்கள். மாதம் ஒரு வரிசை சேர்க்கப் பத்து நிமிடம் போதும். மாற்றிய மோட்டார் உண்மையிலேயே மிச்சம் தருகிறதா என்பதை ஐந்தாவது கட்டத்தில் உள்ள எண் சொல்லிவிடும். பழைய பில்களை இந்த ஞாயிற்றுக்கிழமையே தேடி எடுங்கள். டைப் செய்யத் தெரிந்தால் போதும், மற்றதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.