மாடியில் விண்மீன், வேலியில் தேன்சிட்டு

உத்தியோகத்தின் பொருட்டு ஊர்விட்டு ஊர் மாறி வாழ்பவர்களுக்குப் பொழுதுபோக்கு ஒன்றைத் தேர்ந்துகொள்வது எளிதன்று. தோட்டம் வைத்தால், மாமரம் பூக்கும் ஆண்டில் மாற்றல் உத்தரவு வந்து சேரும். நூல்களைச் சேர்த்தால், ஒவ்வொரு மாற்றலின்போதும் அவற்றைக் கட்டி ஏற்றுவதே பெரும்பாடாகிவிடும். எந்த ஊருக்குச் சென்றாலும் செலவின்றி உடன் வருவன இரண்டு. ஒன்று, தலைக்கு மேலுள்ள வானம். மற்றொன்று, வேலியிலும் மரத்திலும் வந்தமரும் உயிரினங்கள். இவ்விரண்டையும் வீட்டிலிருந்தபடியே படம் பிடிக்கும் கலையைப் பற்றிப் பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்குச் சில செய்திகளைக் கூற விழைகின்றோம்.

நாம் மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளர். கலைப் பட்டம் பெற்றவரேயன்றி விஞ்ஞானம் பயின்றவர் அல்லர். தில்லியில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின்னர்த் திருவனந்தபுரத்திற்கு மாற்றலாகி வந்தோம். இங்கு வந்த முதல் மாதத்திலேயே ஒரு வியப்பு காத்திருந்தது. தில்லி வீட்டின் மாடியில் நின்று வடக்கே நோக்கினால், துருவ விண்மீன் நீட்டிய கையின் முட்டிகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த உயரத்தில் நிற்கும். திருவனந்தபுரத்திலோ அது ஒரு முட்டியின் உயரத்திற்கும் குறைவாக, தென்னங்கீற்றுகளுக்குப் பின்னே மறைந்து கிடந்தது. வானமும் நம்முடன் மாற்றலாகி வந்திருக்கிறது. ஆனால் வரும் வழியில் சற்றுச் சாய்ந்துவிட்டது!

காரணம் எளியதே. ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, துருவ விண்மீன் ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில் அவ்வூரில் தோன்றும். தில்லிக்கு 28½ பாகை, கொல்கத்தாவிற்கு 22½, மும்பைக்கு 19, பெங்களூருக்கு 13, திருவனந்தபுரத்திற்கு 8½. வடக்கே இழந்ததைத் தெற்கே பெறுகிறோம். அகத்தியர் பெயரால் வழங்கும் ஒளிமிக்க விண்மீன், தில்லியில் எவ்வளவு உயர்ந்தாலும் 9 பாகையைத் தாண்டுவதில்லை. திருவனந்தபுரத்தில் ஏறக்குறைய 29 பாகை வரை எழுகின்றது. பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணியளவில் தென்வானில் அதைக் காணலாம். தெற்குச் சிலுவை எனப்படும் திரிசங்கு தில்லியில் முழுமையாகத் தோன்றுவதே இல்லை. இங்கு மே மாத இரவுகளில், பருவமழை மேகங்கள் வந்து சேர்வதற்கு முன், நிமிர்ந்து நிற்பதைக் காணலாம்.

வானையும் உயிரினங்களையும் ஒருங்கே நோக்கும் ஆர்வம் திருவனந்தபுரத்திற்குப் புதியதன்று. ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்த ஜான் கால்டெகாட் என்பவர், தம் சொந்தக் கருவிகளைக் கொண்டு வானத்தை ஆராய்ந்துவந்த ஆர்வலர். அவருடைய முயற்சியாலும் மன்னர் சுவாதித் திருநாளின் ஆதரவாலும் 1837இல் இந்நகரில் வானாய்வுக்கூடம் தோன்றியது. பின்னர் 1852இல் அதன் பொறுப்பை ஏற்ற ஜான் ஆலன் பிரவுன், 1855இல் அகத்தியமலையின் உச்சியருகே ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்தார். அவரே இந்நகரின் அருங்காட்சியகம் தோன்றுவதிலும் முன்னின்று உழைத்தவர். அது 1857இல் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கப்பட்டது. ஒரே மனிதரின் கவனம் இரவில் வானத்திலும் பகலில் விலங்குகளிலும் சென்றிருப்பது நமக்கு ஓர் ஊக்கமாகும். இன்னும் ஒரு செய்தி. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், அருகிலுள்ள தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டபோது, அது அந்தி வானில் சோடிய ஆவியைப் பரப்பிச் சென்றது. இத்தகைய ஒளிரும் மேகத்தை வெவ்வேறு இடங்களிலிருந்து படம் பிடித்து, அது நகரும் வகையைக் கொண்டு மேல்வானக் காற்றின் வேகத்தைக் கணக்கிடுவர். வானத்துப் படம் அழகுக்கு மட்டுமன்று, அளவுக்கும் உதவும் என்பதற்கு இது சான்று.

இனி, கருவிகளைப் பற்றிக் கூறுவோம். விலையுயர்ந்த காமிரா இன்றியமையாதது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. வேகத்தையும் துளையையும் நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய பழைய டிஜிட்டல் காமிரா ஒன்றும், அசையாத முக்காலி ஒன்றும் போதும். கைபேசிகள் சிலவற்றிலும் இவ்வசதி இப்பொழுது உண்டு. முக்காலி இல்லாதவர் அரிசிப் பையின் மீது காமிராவை வைத்துத் தொடங்கலாம். விரலால் அழுத்தும்போது நேரும் அசைவைத் தவிர்க்க, இரண்டு வினாடி கழித்துத் தானே இயங்கும் அமைப்பைப் பயன்படுத்துதல் நன்று.

விண்மீன்களைப் படம் பிடிக்க நெடுநேரம் ஒளியை வாங்க வேண்டும். ஆனால் பூமி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை நகர்கின்றன. நேரம் நீண்டால் புள்ளி கோடாகிவிடும். இதற்கு ஒரு சுருக்கமான கணக்கு உண்டு. 35 மில்லிமீட்டர் பிலிம் அளவுள்ள காமிராவில், 500 என்னும் எண்ணை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் கிடைப்பது வினாடிகளின் எல்லை. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 10 வினாடி; 24 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 20 வினாடி. துளையை எஃப் 2.8 அளவிலும், ஒளியுணர்வை ஐ.எஸ்.ஓ. 1600 அல்லது 3200 அளவிலும் வைத்துத் தொடங்கலாம். தானியங்கிக் குவியம் இருளில் தடுமாறும். ஆதலின் அதை நிறுத்திவிட்டு, ஒளிமிக்க விண்மீன் ஒன்றைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையாலேயே குவியம் செய்க. முழுநிலவோ வெயிலில் கிடக்கும் பாறையைப் போன்றது. அதற்கு எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 100, வினாடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு என்ற அளவே போதும்.

கோடாகிவிடுவதையே ஒரு கலையாகவும் கொள்ளலாம். காமிராவை நேர்கிழக்கே நிறுத்தி, 20 வினாடிப் படங்கள் தொண்ணூற்றை இடைவிடாது எடுத்து ஒன்றாக இணைத்தால், அரைமணி நேரத்தில் விண்மீன்கள் நடந்த பாதை கோடுகளாகத் தெரியும். இணைப்பதற்கு விலையில்லா மென்பொருள்கள் உள்ளன. திருவனந்தபுரத்தில் இக்கோடுகள் தென்னையைப் போல் ஏறக்குறைய நிமிர்ந்து எழுகின்றன. அடிவானத்துடன் 81½ பாகைக் கோணம். தில்லியில் அதே கோடுகள் தெற்கு நோக்கிச் சாய்ந்து 61½ பாகைக் கோணத்தில் எழும். அன்பர்கள் தத்தம் மாடியிலிருந்து எடுத்த படத்தின் மீது ஒரு கோணமானியை வைத்து அளந்து, அந்த எண்ணைத் தொண்ணூற்றிலிருந்து கழித்துப் பார்ப்பார்களாக. தாம் வாழும் ஊரின் அட்சரேகை கிடைக்கும். சொந்த ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரையும் அவ்வாறே எடுத்து அனுப்பச் சொன்னால், பிறந்த ஊருக்கும் பிழைக்க வந்த ஊருக்கும் இடையிலுள்ள தொலைவு இரு படங்களில் கண்கூடாக விளங்கும்.

இதுவரை கூறிய கலையில் எவருக்கும் தீங்கில்லை. நாம் நோக்குவதை விண்மீன் அறியாது. ஆனால் பறவை அறியும். இவ்வேறுபாட்டை நாம் உணர்ந்துகொண்ட விதத்தை, மறைக்காமல் கூறிவிடுகின்றோம்.

இங்கு வந்த இரண்டாம் ஆண்டில், நமது வீட்டு வேலியில் இருந்த செம்பருத்திக் கிளையில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. சிலந்தி நூலும் நாரும் மரப்பட்டைத் துணுக்குகளும் சேர்த்துப் பின்னிய, பை போன்று தொங்கும் கூடு அது. பார்ப்பவர்க்கு ஏதோ குப்பை காற்றில் சிக்கியது போலவே தோன்றும். அதுவே அதன் பாதுகாப்பு. இரு குஞ்சுகள் வெளிவந்தன. தாய் இரை ஊட்டும் காட்சியைப் படமெடுக்க முனைந்தபோது, இலைக்கொத்து ஒன்று வாயிலை மறைத்தது. கத்தரிக்கோலால் அதை நறுக்கிவிட்டோம். படம் மிக நன்றாக அமைந்தது. மறுநாள் காலை கூடு கிழிந்து கிடந்தது; காகம் ஒன்று அருகிலேயே அமர்ந்திருந்தது. நமது துணைவியார், “அந்த இலைதானே அதற்குக் கதவு? அதை ஏன் நறுக்கினீர்கள்?” என்று கேட்டார். விடை கூற இயலவில்லை. தாய்ப்பறவை இரையுடன் இருமுறை வந்து, கிளையைச் சுற்றிவிட்டுப் போயிற்று. அப்படம் இன்றும் நம்மிடம் உள்ளது. ஒருவருக்கும் காட்டியதில்லை.

சட்ட வாசகங்களை மொழிபெயர்ப்பது நமது தொழிலாயினும், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குத் தந்துள்ள விளக்கத்தை அதன் பின்னரே நிதானமாகப் படித்தோம். காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துதலும், கூடுகளைக் குலைத்தலும் அச்சொல்லுக்குள் அடங்கும். துப்பாக்கி ஏந்தியவனே வேட்டைக்காரன் என்று எண்ணியிருந்த நமக்கு, கத்தரிக்கோல் ஏந்தியவனும் அவ்வரிசையில் நிற்கக்கூடும் என்பது தெரிந்தது.

அன்றுமுதல் சில விதிகளை மேற்கொண்டோம். கூட்டின் அருகே செல்வதில்லை. கூடு இருக்கும் இடத்தைப் பிறருக்கு அறிவிப்பதில்லை. பறவையின் குரலை ஒலிபரப்பி அதை வரவழைப்பதில்லை. ஆந்தை போன்ற இரவுப் பறவைகளின் கண்ணில் மின்னொளி பாய்ச்சுவதில்லை. நாம் அவற்றைத் தேடிச் செல்வதை விடுத்து, அவை தாமே வருமாறு செய்வதே முறை. அகன்ற மண்சட்டியில் நீர் வைத்து நாள்தோறும் கழுவி மாற்றினால், சில வாரங்களில் கொண்டைக்குருவியும் தவிட்டுக்குருவியும் அணிலும் பழகிவிடும். சமையலறைச் சன்னலின் திரையைச் சற்றே விலக்கி, அதன் பின்னால் அசையாது அமர்ந்திருக்க வேண்டும். காலை ஆறரை முதல் எட்டரை வரை ஒளி இனிமையாக இருக்கும். அமர்ந்திருக்கும் பறவைக்கு வினாடியில் 250இல் ஒரு பங்கும், பறக்கும் பறவைக்கு 1000இல் ஒரு பங்கோ அதனினும் குறைவோ வேண்டும். கண்ணில் குவியம் அமைந்தால் படத்தில் உயிர் இருக்கும்.

விடுமுறை நாளில் நகரின் தெற்கே வெள்ளாயணி ஏரியையும் புஞ்சக்கரி வயல்களையும் நாடிச் செல்வோம். கொக்கும் மீன்கொத்தியும் நீலத்தாழைக்கோழியும் வரப்பிலிருந்தே காணக் கிடைக்கும். அங்கும் வரப்பைவிட்டு இறங்குவதில்லை. பறவை தலையைத் தூக்கி நம்மை நோக்கத் தொடங்கினால், நாம் வேண்டியதற்கு மேல் நெருங்கிவிட்டோம் என்பது பொருள்.

இக்கலையில் நமக்கு வழிகாட்டியவர்களுள் தமிழர் இருவரை நினைவுகூர்தல் வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) ஒருவர். இளமையில் கன்னட நாட்டுச் சண்டூர் சமஸ்தானத்தில் பணியாற்றியவர். பல காமிராக்களின் உறுப்புகளைத் தாமே பொருத்தி அமைத்த கருவியைக் கொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே காட்டு விலங்குகளைப் படம் பிடித்தார். 1950 முதல் இறுதி வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். அவற்றுள் பல அணிலையும் காகத்தையும் போன்ற அக்கம்பக்கத்து உயிர்களைப் பற்றியவை. மற்றவர், பெங்களூரில் வாழ்ந்து 2017இல் மறைந்த டி. என். ஏ. பெருமாள். பிற மாநிலத்தில் வாழ்ந்துகொண்டே இக்கலையில் உலகப் புகழ் பெறலாம் என்பதற்கு அவர் சான்று.

இறுதியாக ஒரு சொல். ஒவ்வொரு படத்தின் அருகிலும் நாள், நேரம், இடம் ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். தெருவிளக்குகள் பெருகப் பெருக, மாடியிலிருந்து தெரியும் விண்மீன்கள் குறைகின்றன. மனைகள் பெருகப் பெருக, வேலிப் பறவைகள் குறைகின்றன. ஒரே மாடியிலிருந்து ஆண்டுதோறும் அதே நாளில் எடுத்த படங்கள், அழகாக இல்லாவிடினும், இம்மாற்றத்திற்குச் சான்றாகும். நாம் மாற்றலாகிப் போன பின்பும் அச்சான்று நிற்கும்.

சென்ற ஆண்டு அதே செம்பருத்தியில் மீண்டும் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. காமிராவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சன்னலருகே அமர்ந்து பார்த்தோம். குஞ்சுகள் பறந்து சென்ற காலையில் எடுத்தது ஒரே ஒரு படம். அதில் வெறுங்கூடும், அதன் வாயிலை மறைத்து நிற்கும் இலைக்கொத்துமே உள்ளன. அதனை வருவோர்க்கெல்லாம் காட்டுகின்றோம்.