வீடு வாங்குவோர் சிந்தனைக்கு

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் செய்துபார்" என்றனர் நம் முன்னோர். வசதியான புறநகர் ஒன்றில் வீடு வாங்க முற்படும் குடும்பத் தலைவர், நல்ல பள்ளி உண்டா, குடிநீர் எப்படி, நாளை விற்றால் விலை கிடைக்குமா என்றெல்லாம் விசாரிக்கிறார். விசாரிக்க வேண்டியவையே. ஆனால் "இவ்வூரில் வாழ இடம் மறுக்கப்பட்டவர் யார்?" என்று கேட்பவர் அரிது. அக்கேள்வியை ஒரு தாய் எழுப்பியதால் ஒரு மாநிலத்தின் சட்டமே மாறிய வரலாற்றை இங்கே காண்போம்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், பிலடெல்பியா மாநகருக்குக் கிழக்கே உள்ளது மவுண்ட் லாரல். 1950-ல் 2,817 பேர் மட்டுமே வாழ்ந்த விவசாய ஊர் அது. நெடுஞ்சாலைகள் வந்தன, நகரத்து வசதி படைத்தோர் குடியேறினர். 1970-ல் மக்கள்தொகை 11,221 ஆயிற்று.

ஏழைகளைத் தடுக்க அவ்வூரார் மதிற்சுவர் எழுப்பவில்லை, விதிகளை எழுப்பினர். சில பகுதிகளில் ஒரு மனை ஏறத்தாழ அரை ஏக்கருக்குக் குறையலாகாது. பெரும்பாலும் தனி வீடுகளே கட்டலாம். அடுக்குமாடி அனுமதிக்கப்பட்ட சில இடங்களிலும் படுக்கையறைகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு! காரணம் என்ன? அறைகள் பெருகினால் குழந்தைகள் பெருகுவர்; பள்ளிச் செலவு கூடும். அங்கே பள்ளிகளுக்கான பணத்தில் பெரும்பகுதி வீட்டுச் சொத்து வரியிலிருந்து வருவதால், வரியும் உயரும். ஆகவே குழந்தைகளே வேண்டாத விருந்தினராயினர்.

அதே ஊரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கறுப்பின மக்களும் இருந்தனர். அவர்களுள் சிலருக்குக் கோழிக்கூடுகளைத் திருத்தியமைத்த குடில்களே இல்லம். அவை வாழத் தகுதியற்றவை என மூடப்பட்டபோது, மாற்றிடம் தரப்படவில்லை. 36 அடுக்குமாடி வீடுகள் கட்ட அனுமதி வேண்டினர், கிடைக்கவில்லை. 1970-ல் ஒரு நாள், அவர்களுடைய சிற்றாலயத்திற்கே வந்த நகர சபைத் தலைவர், இவ்வூரில் வாழ வசதியில்லாதவர் வெளியேற வேண்டியதுதான் என்று அறிவித்தார்.

அவ்வூரின் ஆறாம் தலைமுறையினரான எத்தல் லாரன்ஸ் என்னும் தாய் வழக்குத் தொடுத்தார். குழந்தைகள் காப்பகத்தில் பணியாற்றியவர் அவர். 1975-ல் மாநில உச்ச நீதிமன்றம், வளரும் ஊர்கள் குறைந்த வருவாயினருக்கும் வீடு அமைய வழிவிட வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஊர்கள் காலம் தாழ்த்தின. 1983-ல் நீதிமன்றம் மேலும் கண்டிப்பான தீர்ப்பை வழங்கியது. 1985-ல் சட்டம் பிறந்தது. அதிலும் ஒரு சந்து இருந்தது. ஓர் ஊர் தன் கடமையில் பாதிவரை, பணம் கொடுத்து வேறோர் ஊரிடம் ஒப்படைத்துவிடலாம். 2008-ல்தான் அது அடைக்கப்பட்டது.

எத்தல் லாரன்ஸ் 1994-ல் காலமானார். அவர் பெயரால் அமைந்த குடியிருப்பின் முதல் வீடுகளில் மக்கள் குடிபுகுந்தது 2000-ஆம் ஆண்டில். பின்னர் மொத்தம் 140 வீடுகளாயின. குற்றம் பெருகும், வரி ஏறும், எங்கள் வீட்டு விலை சரியும் என்று அண்டை வீட்டார் அஞ்சினர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் மாசியும் அவர்தம் குழுவினரும் இதனை ஆராய்ந்து 2013-ல் நூலாக வெளியிட்டனர். சுற்றியுள்ள ஒத்த ஊர்களோடு ஒப்பிட்டபோது, இம்மூன்று அச்சங்களில் ஒன்றும் நிறைவேறவில்லை. அருகே வாழ்ந்தோரில் சிலருக்கு அப்படியொரு குடியிருப்பு இருப்பதே தெரியவில்லை! குடிவந்தவர்களோ, வேலையிலும் வருவாயிலும் முன்னேறினர். அவர்தம் பிள்ளைகளுக்கு அமைதியாகப் படிக்க இடமும் நல்ல பள்ளியும் வாய்த்தன.

அன்பார்ந்த குடும்பத்தினரே, நல்ல ஊரில் வீடு வாங்க விரும்புவது குற்றமன்று; பிள்ளைகளின் நலம் நாடுவது பெற்றோர் கடமை. ஆனால் நாம் உள்ளே நுழைந்தபின் கதவை அடைப்பது முறையாகுமா? நம் வீட்டில் பாத்திரம் துலக்குபவரும், நம் தெருவைக் கூட்டுபவரும் மாலையில் எத்தனை தூரம் பயணம் செய்து தம் இல்லம் சேர்கின்றனர் என்று கேட்டறிவோம். நம் தெருவருகே எளியோருக்கு வீடு கட்டும் பேச்சு எழுந்து, குடியிருப்போர் சங்கம் எதிர்ப்பு மனுவை நம்முன் நீட்டும்போது, கையொப்பமிடுமுன் மவுண்ட் லாரலின் 140 வீடுகளை நினைவில் கொள்வோமாக.