லயத்து வாசலில் முதல் மல்லிகை

தோட்டத் தொழிலாளி என்றால் பால் வெட்டுவான், குலை அறுப்பான், சம்பளம் வாங்குவான், அதோடு சரி என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவனுக்கும் அவன் வீட்டுப் பெண்களுக்கும் ஒரு பூச்செடியின் மேல் ஆசை இருக்கும் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் எந்தத் தோட்டத்து லயத்துக்குப் போனாலும் நாம் காண்பது என்ன? வாசலில் ஒரு துளசி. வேலியோரம் 1960-ல் இந்நாட்டின் தேசிய மலரான செம்பருத்தி. குழாயடிப் பக்கம் கனகாம்பரம். அதற்கப்பால், வெயில் நன்றாக விழும் இடத்தில், ஒரு குண்டுமல்லிப் புதர். இந்த வாரம் அந்தப் புதரைப் பற்றிப் பேசலாம்.

இலை உதிரும் காலத்தில்

பால் மரம் இலை உதிர்க்கும் காலம் நமக்குத் தெரியும். ஆண்டுக் கடைசி மழை ஓய்ந்து, தை பிறந்து, வெயில் காய ஆரம்பித்ததும் மரமெல்லாம் மொட்டையாகிவிடும். மங்கில் பால் குறையும். பால் குறைந்தால் கையில் காசும் குறையும். பிறகு மரம் தளிர் விட்டு, மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னப் பூவாகப் பூக்கும். அதைப் பறித்துத் தலையில் வைக்க யாரும் இல்லை.

இன்று பல தோட்டங்களில் பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. இருந்தாலும் அந்த வெயில் மாறவில்லை. அந்த வெயிலில்தான் மல்லிகை குலுங்கும். வருமானம் வாடும் நேரத்தில் வாசலில் மணக்கும் செடி அது. நான்கு முழம் கட்டிக் கோயில் பக்கம் கொடுத்தால் உப்பு புளிக்காவது ஆகும்.

தோட்டத்து வேலைக்கு மல்லிகை பொருத்தமான பூவும்கூட. விடியுமுன் பிரட்டுக்குப் போகிறவள் காலையில் பூப்பறிக்க முடியாது. மல்லிகை மொட்டோ மத்தியானத்துக்கு மேல்தான் பறிக்கும் பதத்துக்கு வரும். அந்தி சாய்ந்த பிறகுதான் விரியும். பால் நிறுத்து, வாளி கழுவி, குளித்துச் சாப்பிட்டு, வாழைநாரை நனைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் கணக்காக இருக்கும்.

மொதப் பூ யாருக்கு?

முதல் மொட்டு தலைகாட்டும் நாளில் அந்த வீட்டில் நடக்கிற அமர்க்களத்தை நாம் எத்தனையோ லயங்களில் பார்த்திருக்கிறோம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண்பிள்ளை பையைக்கூடக் கீழே வைக்காமல் எண்ணத் தொடங்குவாள். நேற்று அஞ்சு, இன்றைக்கு ஒம்பது! பந்து விளையாடும் பையனுக்கு, "டேய், அந்தப் பக்கம் போகாதே, மொட்டு ஒடைஞ்சா முதுகுத் தோலை உரிச்சிடுவேன்" என்று எச்சரிக்கை. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னக்கா, ஒங்க செடி பூத்திருச்சாமே, எங்களுது இன்னும் தூங்குது" என்பாள். கிழவி ஒருத்தி உள்ளேயிருந்து, "மொதப் பூ மாரியாத்தாளுக்குத்தான், எவளும் தொடக்கூடாது" என்று தீர்ப்புச் சொல்வாள்.

முதல் நாள் பூ ஒரு சாண் சரத்துக்குக்கூடக் காணாது. அம்மன் படத்துக்கு இரண்டு, சின்னவள் சடைக்கு இரண்டு, அவ்வளவுதான். ஆனாலும் அந்த வீட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்! போனஸ் வாங்கிய நாளில்கூட அப்படி ஒரு முகம் நாம் கண்டதில்லை. காரணம் இருக்கிறது. மரம் தோட்டத்துடையது, வீடு தோட்டத்துடையது, ஏறிப் போகும் லோரி தோட்டத்துடையது. இந்த நாலு மொட்டு மட்டும் அவள் கையால் வந்தது.

பூக்காத செடிக்கு

"தழைதழையாக நிற்கிறது, பூவைத்தான் காணோம்" என்று குறைப்படும் தாய்மார்கள் கவனிக்க. மல்லிகை புதுக் கொழுந்தின் நுனியில்தான் மொட்டு வைக்கும். ஆகையால் மழை ஓய்ந்ததும் பழைய கிளைகளைத் துணிந்து வெட்டிவிட வேண்டும். காய்ந்த குச்சிகளையும் அகற்ற வேண்டும். வெட்ட மனம் வராதவர் வீட்டில் பூவும் வராது. நிழலில் நிற்கும் செடி தழைக்குமே தவிரப் பூக்காது. மக்கிய மாட்டுச் சாணமும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் போதும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்; மண்ணை மேடாக அணைத்து விடுங்கள்.

இன்னொன்று. மருந்தடிக்கப் போகும் பெண்கள் அந்த உடுப்போடு செடியிடம் போக வேண்டாம், பிள்ளையையும் தூக்க வேண்டாம். முதலில் குளியுங்கள். பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் களை மருந்துகள் வேறு பல இருக்கின்றன. காலி மருந்து டின்னில் தண்ணீர் எடுத்து ஊற்றுவது செடிக்கும் கேடு, ஆளுக்கும் கேடு.

செடியா, தகரமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில், லயத்தைச் சுற்றியுள்ள செடிகளையெல்லாம் ஒரு வாரத்துக்குள் வெட்டி எறிய வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவு போட்டது. டிங்கிக் காய்ச்சல் வந்ததாம், செடியில் கொசு இருக்கிறதாம். மல்லிகை மொட்டு வைத்த நேரம். பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சங்கத்துக்கு வந்தார்கள்.

நாமும் தோட்டக் கமிட்டியும் நிர்வாகியிடம் போனோம். "ஐயா, இந்தக் கொசு முட்டையிடுவது தேங்கின தண்ணியிலே, மல்லிச் செடியிலே இல்லே. வாங்க, சேர்ந்தே பார்ப்போம்" என்றோம். தோட்டத்து டிரெசரையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாக நடந்தோம். புழு எங்கே இருந்தது? கொட்டாங்கச்சியில், உடைந்த மங்கில், பழைய டயரில், பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில். அன்று சாயங்காலமே எல்லாம் கவிழ்க்கப்பட்டன, புதைக்கப்பட்டன. புதர்களைச் சுவரை விட்டுத் தள்ளிக் கத்தரித்துவிட்டோம். செடி பிழைத்தது.

முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். எனவே வாரம் ஒரு முறை தட்டுகளையும் தொட்டிகளையும் கவிழ்த்துத் தேய்ப்பது நம் கடமை. கடமையைச் செய்தவனுக்குத்தான் உரிமை பேச வாய் வரும்.

அந்த உரிமை என்ன? 1966-ஆம் ஆண்டின் பழைய வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம். வேலையிடத்திலேயே குடியிருக்கும் தொழிலாளருக்குப் பயிர் செய்யவும் மாடு மேய்க்கவும் முதலாளி நிலம் ஒதுக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே வாசல் மண்ணைக் கொத்துகிறவர் யாரிடமும் பிச்சை கேட்கவில்லை. தகராறு வந்தால் தனியாக வாய்ச்சண்டை போடாமல் கமிட்டிக்குச் சொல்லுங்கள்.

கொம்பு போகும் இடமெல்லாம்

நம் நெஞ்சில் உறுத்துவது வேறு. தோட்டம் கைமாறினால், வீடுகட்ட விற்றுவிட்டால், ஆட்கள் வெளியேற வேண்டியிருக்கிறது. காலியான லயங்களில் ஆளில்லாமல் பூத்துக் கிடக்கும் மல்லிகையை நாம் பார்த்திருக்கிறோம். நட்டவர் எந்த அடுக்குமாடியில் இருக்கிறாரோ!

ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்ய 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி குறைந்தது 8 வார நோட்டீஸ் தர வேண்டும். நஷ்டஈட்டைக் கணக்குப் பார்த்துக் கேட்டு வாங்குவது முதல் வேலை. அதில் சங்கம் கூட நிற்கும். அதே வாரத்தில் இன்னொரு வேலையும் செய்துவிடுங்கள். பென்சில் கனமுள்ள மல்லிகைக் கொம்பை ஒரு சாண் நீளம் வெட்டி, பால் டின்னில் மண் நிரப்பி, அடியில் ஓட்டை போட்டு, நிழலில் ஊன்றுங்கள். ஆறேழு வாரத்தில் வேர் பிடிக்கும். லோரியில் சாமான் ஏற்றும் நாளில் அதுவும் கூடவே ஏறும்.

குண்டுமல்லியை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. உங்கள் வாசலில் இருப்பது யாரோ ஓர் அத்தை, யாரோ ஓர் அக்கா ஒடித்துக் கொடுத்த கொம்பு. பூப்பறிக்கும்போதே பக்கத்து வீட்டுக்கும் ஒரு கொம்பு கொடுங்கள். அடுத்த மாசியில் லயம் முழுக்க மணக்கட்டும்.