பியூஸ் கம்பி உயிரைக் காக்காது

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் ஓட்டு வீடுகள் இருந்த இடத்தில் காரை வீடுகள் எழும்பியுள்ளன. இரண்டு விளக்கு எரிந்த வீட்டில் இன்று கிரைண்டர், குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார் எல்லாம் ஓடுகின்றன. பல வீடுகளில் மின் அமைப்பு மட்டும் பழைய பியூஸ் கட்டையோடு நின்றுவிட்டது.

பியூஸ் இருப்பது ஒயர் சூடேறித் தீப்பிடிக்காமல் தடுப்பதற்காக. 15 ஆம்பியர் பியூஸ், அதற்கு மேல் மின்சாரம் பாய்ந்தால்தான் உருகும். மனித உடல் வழியே ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு பாய்ந்தாலே உயிர் போகலாம். பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. புதிய எம்.சி.பி. சுவிட்சும் இதில் பியூஸைப் போன்றதே.

இக்குறையைப் போக்குவது மின்கசிவு தடுப்பான். ஃபேஸில் சென்ற மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் விதிகள் வீடுகளுக்குக் குறித்த வரம்பும் இதுவே. கடையில் ஆர்.சி.சி.பி. என்று கேட்கவும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டால் மட்டும் இதுவும் காக்காது.

தடுப்பான் இருந்தாலும் எர்த் அவசியம். பட்டாசு ஆலைகளில் இடிதாங்கியின் எர்த்தைச் சோதிக்க வேண்டியது விதி. நம் பம்புசெட் எர்த்தை யார் பார்க்கிறார்கள்? கோடையில் கரிசல் வெடிக்கும்போது எர்த் குழியும் காய்ந்து பயனற்றுப் போகும். 2.5 மீட்டர் ஜி.ஐ. குழாயை அடுப்புக்கரி, உப்புடன் புதைத்து, சித்திரை, வைகாசியில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வரவும்.

தடுப்பான் அடிக்கடி விழுந்தால் அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைக்கச் சொல்லாதீர்கள். கோளாறு மோட்டாரிலோ ஒயரிலோ உள்ளது; உரிமம் பெற்ற ஒயர்மேனை அழைத்து அதைச் சரிசெய்யவும்.