கடலருகே வாழ்வோர்க்கும் அயடீன் வேண்டுமோ?

மண்கும்பானிலிருந்து வந்து பயிலும் மாணவி ஒருவர் அண்மையில் நம்மிடம் இரு வினாக்களை எழுப்பினார். "சுற்றிலும் கடல் சூழ்ந்த எங்களுக்கு அயடீன் உப்பு எதற்கு? கழுத்து வீங்கியிருக்கும் என் சின்னம்மா அயடீன் மருந்தைத் தாமே வாங்கி அருந்தலாமா?" தீவகத்தார் பலர்க்கும் பயன்படுமாதலால் விடையை ஈண்டுத் தருகின்றோம்.

கடல்நீரில் அயடீன் உண்டு. ஆனால் மிகச் சொற்பம். அந்நீரை வெயிலில் வற்றவைத்து எடுக்கும் உப்பில் அது பெரும்பாலும் தங்குவதில்லை. மீனுண்போர் ஓரளவு பெறுவர்; மரக்கறி உணவினர்க்கு அவ்வாய்ப்பும் குறைவு. ஆகவே கடற்கரை வீட்டுக்கும் அயடீன் சேர்ந்த உப்பே தக்கது. 1995 முதல் இலங்கையில் உணவு உப்புக்கு அயடீன் சேர்த்தல் சட்டமாகியுள்ளது.

குரல்வளைக்குக் கீழேயுள்ள தைரொயிட்டுச் சுரப்பி, உடல் வெப்பத்தையும் வளர்ச்சியையும் ஆளும் தைரொட்சினைச் சுரப்பதற்கு அயடீன் இன்றியமையாதது. அது போதாதவிடத்துச் சுரப்பி பருத்துக் கண்டக்கழலையாகும். கருவுற்ற தாய்க்குக் குறைந்தாலோ குழந்தையின் மூளை வளர்ச்சியே குன்றும். வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 150 மைக்கிரோகிராம், கருவுற்றோர்க்கு 250 போதும். எழுபது ஆண்டு வாழ்வுக்கு வேண்டியது நான்கு கிராமளவேயாம்!

இனி மருந்தைப் பார்ப்போம். 1811இல் கூர்த்துவா என்னும் பிரெஞ்சுக்காரர், கரையொதுங்கும் சாதாழையின் சாம்பலிலிருந்து அயடீனைக் கண்டறிந்தார். 1820இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே அதனைக் கழலைக்குக் கொடுத்தார். பலருக்குக் கழலை சுருங்கிற்று. ஆயின் அளவு மீறி உண்ட சிலர் நெஞ்சுப் படபடப்பும் மெலிவும் உற்றனர். 1829இல் லூகோல் என்பவர் அயடீனையும் பொற்றாசியம் அயடைட்டையும் நீரிற் கரைத்து ஒரு கரைசல் அமைத்தார். மிகையாகச் சுரக்கும் சுரப்பியைச் சத்திரசிகிச்சைக்கு முன் சில நாள் அடக்கிவைக்க, 1920களில் அமெரிக்க மருத்துவர் பிளமர் அதனைக் கையாண்டார். இன்றும் வைத்தியர் மேற்பார்வையில் அது அவ்வாறு பயன்படுகின்றது. அக்கரைசலின் ஒரு துளியிலேயே நாளாந்தத் தேவையைப்போல் ஏறத்தாழ நாற்பது மடங்கு அயடீன் உண்டு. அத்தகைய மிகை, சுரப்பியைச் சிலர்க்கு முடக்கவும் சிலர்க்கு முடுக்கவும் வல்லது.

மேலும், கழுத்து வீக்கம் அனைத்தும் அயடீன் குறைவால் வருவனவல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதாலும் வரும், கட்டியாலும் வரும். அவற்றுக்கு அயடீன் மருந்தாகாது. சுரப்புக் குன்றியோர்க்குத் தைரொட்சின் மாத்திரையே பெரும்பாலும் தரப்படும். புண்ணுக்கு இடும் அயடீன் திராவகமோ உட்கொள்ளற்கு உரியதன்று. வாயையும் வயிற்றையும் புண்ணாக்கும்.

எனவே மாணவிக்கு நாம் கூறியது இதுவே: உப்பைக் கழுவாமலும் வறுக்காமலும் மூடிய பாத்திரத்தில் வையுங்கள், சமைத்து இறக்கும்போது இடுங்கள். சின்னம்மாவை மட்டும் காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று இரத்தச் சோதனை செய்வியுங்கள்.